நிழல் பக்கம்

வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளியில்
மே மாதம் பதினெட்டு நாள்
தண்டவாளத்துக்குக் காய்ச்சல் பார்த்தேன்.

சிவில் மூன்றாம் ஆண்டு. நாங்கள் மூன்று பேர்.
கல்லூரி கொடுத்த கடிதம், ரயில்வே கொடுத்த ஆரஞ்சுச் சட்டை.
எனக்கு அது முழங்கால் வரை வந்தது.
ஆசிக் கேஜ் அளந்தான்,
ஆயிரத்து அறுநூற்று எழுபத்து மூன்று என்று
தூக்கத்திலும் முனகும் அளவுக்கு.
சௌந்தர்யாவுக்கு ஜல்லி.
எனக்குத் தெர்மாமீட்டர்:
காந்தம் வைத்த வட்டம், இட்லித் தட்டின் ஒரு குழி அளவு.
தண்டவாளத்தின் இடுப்பில் ஒட்டிவிட்டு
எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

எட்டு நிமிடத்தில்
ஷூவின் அடி இளகத் தொடங்கும்.
வேலிக்கு அந்தப் பக்கம்
சோளத்தட்டுப் போரின் அடியில் படுத்திருக்கும் நாய்
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

பதினோராம் நாள் அறுபத்திரண்டு.
ஃபோனில் சொன்னேன்.
குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.
அறுபதைத் தாண்டினால் ரோந்து.
ஜே.இ. பிரெசில்லா மேடம் மறுபேச்சில்லாமல்
இரண்டு பேரை அனுப்பினார்.
அம்மாசை. பூரண் முண்டா.
சிவப்புக் கொடி, ஸ்பேனர்,
இருவருக்கும் சேர்த்து ஒரு கேன் தண்ணீர்.
கூலிபாளையம் பக்கமாக நடந்து, திரும்பி, மறுபடி நடந்து,
எங்காவது நெளிந்திருக்கிறதா என்று
கண்கூசும் கோட்டின் மேலேயே கண்ணை வைத்து.

மூன்றரை மணிக்கு ஆசிக் கேட்டான்:
"எந்தப் பக்கம் ஒட்டின?"

தண்டவாளத்துக்கும் நிழல் உண்டு.
நாலு விரல் அகலம், உச்சி வேளையில் ஒரு விரல்.
அந்தப் பக்கம்தான் ஒட்ட வேண்டும்.
பத்து நாளும் அப்படித்தான் ஒட்டினேன்.
அன்றைக்குக் கோயம்புத்தூர் வண்டி ஹாரன் அடித்தது,
ஒதுங்கி நின்றேன், வண்டி போனதும்
நின்ற பக்கமே குனிந்து ஒட்டிவிட்டேன்.
ஆசிக் சரியான பக்கம் வைத்துப் பார்த்தான்.
ஐம்பத்தைந்து.

மேடம் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து,
பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டு,
சமோசா சாப்பிடுறியா என்று கேட்டார்.
திட்டியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு வந்தார்கள்.
சொன்னேன்.
அம்மாசை கேனில் மிச்சமிருந்ததைப்
பாதத்தில் ஊற்றிக்கொண்டே சொன்னார்:
"கணக்கு தப்புனாலும் வெயிலு தப்பலீங்க அம்மணி."
பூரணுக்குத் தமிழில் எண்கள் மட்டும் நன்றாக வரும்.
"நாளைக்கு எத்தனை?" என்றான்.

மறுநாள் மூன்று முறை வைத்தேன்.
நிழல் பக்கம், எட்டெட்டு நிமிடம்,
மூன்று முறையும் அறுபத்தொன்று.
நான்காவது முறை வைக்க நினைத்து,
வைக்காமல் ஃபோனை எடுத்தேன்.
எண்ணைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.
அவர்கள் போனார்கள்.
அதே கொடி, அதே கேன்.

அறிக்கையில் 'கற்றவை' என்று ஒரு தலைப்பு,
அரைப் பக்கத்துக்கு மிகாமல்.
நீள்தண்டவாளம் வெயிலில் விரியப் பார்க்கும்,
கட்டைகள் விடாது, விரிய முடியாத நீளம்
உள்ளேயே விசையாக நிற்கும் என்று
படத்துடன் எழுதினேன். பத்துக்கு ஒன்பது.

கடைசி நாள் சோமனூர் போக
நாலு மணிப் பாசஞ்சரில் ஏறினேன்.
கைக்குழந்தையோடு ஒருவர் கேட்டார்:
"வெயிலு எந்தப் பக்கமுங்க அடிக்கும்?"
மே மாதம், சூரியன் நமக்கு வடக்கே.
வண்டி மேற்கே.
"வலது பக்கமுங்க. இடது பக்கம் உக்காருங்க."
யோசிக்காமல் சொல்லிவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

கூலிபாளையம் வருவதற்குள்
வழிவிட்டு ஒதுங்கி
இரண்டு பேர் நின்றிருப்பார்கள்.
நின்றிருந்தால் வலது பக்கம்.
எட்டிப் பார்த்தேன்.
அந்தப் பக்கத்து ஷட்டர் எல்லாவற்றையும்
யாரோ இறக்கிவிட்டிருந்தார்கள்.