ரெஜிபோம் கடல்

பெட்டியைக் கொண்டுவந்த தபால்காரர் கேட்டார்:
"பிள்ளைக்கோ?"
"எனக்கு" என்றேன்.
கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார்.
அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சிலாவத்தைக்கு வந்த முதல்
பனி உடைக்கும் கப்பல் இதுவாய்த்தான் இருக்கும்.
சாம்பல் சட்டங்களில் நூற்றுச்சொச்சம் துண்டுகள்.
பெட்டி புதிது. அச்சு பழையது.
அம்மா பிறக்க முன்னர் யாரோ வெட்டிய உருக்கு
எண்ணெய் பூசிக் கிடங்கொன்றில் கிடந்து
திரும்பவும் வேலைக்கு வந்திருக்கிறது.

நாங்களும் பூசினோம்
தையல் மெசினுக்கு, ஒரு முழு டின் கிறீஸ்.
பொலித்தீனில் சுற்றித்
தோடை மரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனோம்.
மூன்று வருடம் கழித்துத் தோண்டினால்
சில்லு அசையவில்லை.
கிடங்குக்கும் கிடங்குக்கும் வித்தியாசம் உண்டு.

தேய்ந்த அச்சு விளிம்பில் கசியும்.
துண்டுக்குத் துண்டு பிளாஸ்டிக் செதில்.
சவர அலகால் வழித்தேன்.
எனக்கு இது புதிதல்ல,
ஐஸ் ஃபக்டறியில் விடியப்புறம்
தகரப் பெட்டியிலிருந்து கட்டி கழற்றுபவள் நான்:
உப்புத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து தூக்கி
நல்ல தண்ணீரில் ஒருதரம் அமிழ்த்திச்
சரித்தால் வழுக்கி வரும்,
நடுவில் வெள்ளைப் புகையோடு.
அதற்கும் விளிம்பில் செதில் இருக்கும்.
ஒருவரும் தேய்த்துக்கொண்டிருப்பதில்லை.
எட்டு மணிக்குள் அது மீனுக்கு மேல்.

முகப்பைக் கண்டதும் கோபம்தான் வந்தது.
கூர் இல்லை. கரண்டி முதுகுபோல் மழுங்கல்.
பிழையாய் வார்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.
விளக்கத்தாளில் மூன்று மொழி, மூன்றும் எனக்கில்லை.
மூலையில் இருந்த சின்னப் படம் சொன்னது:
இந்தக் கப்பல் பனியை வெட்டுவதில்லை.
மேலே ஏறுகிறது.
ஏறி நின்று
தன் பாரத்தை விடுகிறது.

அடுத்தநாள் நிக்ஸன் சுத்தியலை ஓங்கினான்.
"ஏறி நில் பாப்பம்" என்றேன்.
ஏறினான். எழுபத்திரண்டு கிலோ.
கட்டி ஒன்றும் சொல்லவில்லை.
அவன்தான் விழுந்தான்.

கப்பலின் இரு பாதியும் பொருந்தவில்லை.
வெக்கையில் ஒன்று வளைந்துபோயிருந்தது.
சுடுதண்ணீரில் தோய்த்து நிமிர்த்தி
சைக்கிள் ரியூப் வளையங்களால் இறுக்கி வைத்தேன்.
சித்திரையில் பசை
தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடுகிறது.
பாகம் 47 அரைவாசிதான் வார்ந்திருந்தது, ஒரு கம்பம்.
மீதி அரைவாசி என் பேனாக் குழாய்.

பின்தட்டுக்கு ஹெலிகொப்ரர் ஒன்றும் உண்டு.
கட்டினேன். விசிறியும் பூட்டினேன்.
அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.
மகள் கேட்டாள்.
"பசை முடிஞ்சுது."
முடியவில்லை.

கப்பலுக்குக் கடல் வேண்டும்.
வாடியில் எறிந்துகிடந்த ரெஜிபோம் மூடி,
மூன்றுதரம் கழுவியும் பாரை மணக்கிற வெள்ளை.
பனிக்கடலை நான் கண்டதில்லை.
தொட்டி உறையத் தொடங்கும்போது
மேலே படரும் தகடுகளைத்தான் செதுக்கினேன்.
கப்பலை நடுவில் வைத்துப் பொலித்தீனால் மூடி
கராஜில் வாங்கிய ஸ்பிறேயை அடித்தேன்,
முகப்பருகே கொஞ்சம் கூட,
பின்னால் தண்ணீர் தெரியட்டுமென்று
நீளமாய் ஒரு நீலம்.

மிகச் சிறிய சத்தம்.
தூறலாக்கும் என்று ஜன்னலைப் பார்த்தேன்.
தின்னர் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.
முகப்பைச் சுற்றிக் கடல் உள்வாங்கியது.
தகடுகள் நெளிந்து பிளந்தன.
பின்னால் ஒரு கால்வாய் திறந்தது,
கப்பலின் அகலத்தைவிடச் சற்றுக் கூட.

துணியை எடுத்தேன், ஒற்ற.
பிறகு மடியில் வைத்துக்கொண்டு
கதிரையில் இருந்து பார்த்தேன்.

நாலரைக்கு லொறி வந்துவிட்டது.
நிக்ஸன் என் நகத்து நீலத்தைப் பார்த்துக் கேட்டான்:
"கப்பல் என்ன மாதிரி?"

"போகுது" என்றேன்.