பத்துக் கிலோவுக்குள்

ட்ரொம்சோ காப்பகத்தில் நாயைக் கொடுக்கும் முன்
பதினான்கு கேள்விகள் கேட்போம்.
எந்த நாய் பிடிக்கும் என்பது அதில் இல்லை.
வீட்டில் எத்தனை படி,
எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்,
சூரியன் வராத மாதங்களில் வெளியே போவதுண்டா,
இப்படித்தான் போகும்.

நவம்பர் கடைசியில் தூர்லெய்ஃப் வந்தார்.
எழுபத்திரண்டு வயது. இடது இடுப்பில் உலோகம்.
கோட்டுப் பையில் ஒரு பழைய கழுத்துப்பட்டை.
எல்க்ஹவுண்ட் குட்டி வேண்டும் என்றார், சாம்பல் நிறத்தில்.
முன்பு மூன்று வளர்த்தாராம்,
மூன்றுக்கும் ஒரே பெயர்.

நான் சொன்னேன்:
எல்க் மானை மறித்து நிறுத்தி
வேட்டைக்காரன் வரும்வரை குரைக்கப் பிறந்தது அது.
மான் இல்லையென்றால் தபால்காரர்,
தபால்காரரும் இல்லையென்றால் காற்று.
நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பது
மற்ற நாய்களுக்குக் கேலி,
இந்த இனத்துக்கு நோய்க்குறிப்பு.
தினம் இரண்டு மணி நேரம் மலையேற
யாருடைய இடுப்பைக் கடன் வாங்குவீர்கள்?

கோபப்படவில்லை.
பென்சிலை உருட்டி உருட்டிப் படிவத்தை நிரப்பினார்.
பதினான்கில் நின்றுவிட்டார்.

'உங்களால் முடியாத நாளில், அல்லது உங்களுக்குப் பின்,
இந்த நாயை யார் பார்த்துக்கொள்வார்?'

மகன் பெர்த்தில் இருக்கிறான், என்றார்.
அங்கே இப்போது கோடைக்காலம், என்றார்.
படிவத்தை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப் போகிறவர்கள் திரும்புவதில்லை.
எங்காவது ஒரு விளம்பரத்தில் குட்டி கிடைத்துவிடும்.
எட்டு மாதம் கழித்து
குட்டி மட்டும் எங்களிடம் வரும்.

ஒன்பதாம் நாள் தூர்லெய்ஃப் வந்தார்.
பதினான்காவது இடத்தில்
அவருடையதல்லாத கையெழுத்தில் ஒரு பெயர்:
அஸ்லாக் ஹெட்டா, பக்கத்து வீடு.
யார் பனியை யார் வாசலில் தள்ளியது என்று
பதினொரு குளிர்காலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீடு.
பெயருக்குக் கீழே, பேனாவை அழுத்தி:

'பத்துக் கிலோவுக்குள் இருக்கட்டும். அதற்குமேல் என் முதுகு தூக்காது.
குட்டி வேண்டாம். என் செருப்புகள் நல்ல செருப்புகள்.
ஊளையிடுகிற சாதி கூடவே கூடாது.'

நான் கூண்டுகளின் பக்கம் போகவில்லை.
சமையலறைக்குப் போனேன்.
ஹீட்டருக்கு அடியில் லொம்பெ படுத்திருந்தது.
கம்பிமுடி டாக்ஸ்ஹண்ட், ஏழு வயது,
ஒன்பது கிலோ எண்ணூறு கிராம்.

தூர்லெய்ஃப் நெடுநேரம் பார்த்தார்.
'இது பாதி நாய்.'
'நீளத்தில் இல்லை,' என்றேன்.

பிறகு எல்லாம் சொன்னேன்.
சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள், சரிவுப் பலகை வையுங்கள்.
தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில்,
ஒரு கை பின்புறத்துக்கடியில்,
முதுகு ரொட்டிபோல் நேராக இருக்க வேண்டும்.
சாலையில் தூவும் உப்பு பாதத்தில் ஒட்டும், வெந்நீரில் கழுவுங்கள்.
இருட்டில் ஒளிரும் மேலங்கி.
உணவை அளந்து போடுங்கள்,
அந்தக் கண்களைப் பார்த்துப் போடாதீர்கள்.
அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் பார்க்கப் போனேன், எடை இயந்திரத்தோடு.
பனி என் முழங்கால் வரை.
லொம்பெயின் கால் என் விரல் நீளம்.
அவர் கதவிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது,
அகலமாக, கோணலாக, அவருடைய இடுப்பு திரும்பிய திசையில்.
வேலிக்கம்பு தாண்டியதும் அதே வாய்க்கால்
ஒடுங்கி, சுவர் செதுக்கினாற்போல் நேராகி,
அஸ்லாக்கின் படியில் முடிந்தது.
இரண்டு மண்வெட்டிகளும் சந்தித்த இடத்தில்
பனியில் ஒரு மஞ்சள் கறை.

இயந்திரத்தை வாசலில் வைத்தேன்.
பத்துக் கிலோ முந்நூறு.

தூர்லெய்ஃப் அஸ்லாக்கைப் பார்த்தார்.
அஸ்லாக் தூர்லெய்ஃபைப் பார்த்தார்.
ஈரல் விழுது யார் வீட்டிலிருந்து என்று
நானும் கேட்கவில்லை.
வாசலில் மூன்று படிகள், பனிக்கட்டி மூடியிருந்தன.
அஸ்லாக் குனிந்தார்,
ஒரு கை நெஞ்சுக்கடியில்,
ஒரு கை பின்புறத்துக்கடியில்.