நாலு மைக்ரான்

மெழுகுத் துண்டுக்குள் இருக்கிறது
பாலக்கோடு தக்காளி மண்டியில்
கூடை தூக்குகிற ஒருவரின் கன்னம்,
கடுகளவு.
எண் 1163. இடது பக்கம். வயது நாற்பத்தாறு.
பழக்கம் என்ற கட்டத்தில்
பாக்கு, இருபது வருடம்.
பெயரை நான் பார்ப்பதில்லை என்றுதான் சொல்வேன்;
முனிரத்தினம் என்று எழுதியிருக்கிறது.

கைப்பிடியைச் சுற்றுகிறேன்.
நாலு மைக்ரான் தடிமனில் ஒரு நாடா
கத்தியிலிருந்து இறங்கி
வெந்நீர்த் தொட்டியில் சுருக்கமில்லாமல் படுக்கிறது.
தருமபுரியில் மே மாதம்.
மெழுகுக்குப் பனிக்கட்டி உண்டு.
எனக்கு மின்விசிறிகூடக் கிடையாது,
நாடா பறந்துவிடும்.

ஊதா, அப்புறம் இளஞ்சிவப்பு.
சாயம் ஏறியதும் டாக்டர் பர்வீன்
நாற்காலியை நகர்த்தி எனக்கும் இடம் கொடுப்பார்.
முதலில் வேறொரு கண்ணாடி:
அரூர் டீச்சரம்மாவின் முதுகுக் கொழுப்புக் கட்டி.
எலுமிச்சை அளவுக்கு வளர்ந்தும்
தன்னைச் சுற்றி ஒரு தோல் போர்த்திக்கொண்டு
பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடாமல் இருந்திருக்கிறது.
"இது பாவம், இடத்தைத்தான் அடைக்கும்" என்றார்.

பிறகு 1163.
கீழே ஒரு கோடு இருக்க வேண்டும்,
மேல்தோலின் பாத்தியதை அதுவரைக்கும்தான்.
கோடு அங்கங்கே இல்லை.
விரல் விரலாக இறங்கியிருக்கின்றன,
கரு பெருத்து, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல்.
இரண்டாகப் பிரியும் பாதியிலேயே
ஃபார்மலினில் உறைந்துபோன ஒன்று
இன்னும் அவசரமாகத்தான் இருந்தது.

"எங்கிருந்தோ வந்ததில்லையே, மேடம்?"
"அவருடையதுதான்.
கன்னத்தில் தனக்கு என்ன வேலை என்பதை மறந்துவிட்டது.
சாகவும் மறந்துவிட்டது.
பெருகுவது மட்டும் ஞாபகம் இருக்கிறது."
சொல்லிவிட்டு டைப் அடிக்கத் திரும்பினார்.

வராந்தாவில் அவர் மனைவி,
ஜவுளிக்கடைப் பையில் ஸ்கேன் படம்.
"கெட்டதாம்மா?"
சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
மூன்றாம் நம்பர் அறை, நாளைக்குப் பத்து மணி என்றேன்.
அந்தம்மா என் முகத்தைப் படித்துக்கொண்டு நின்றார்,
சாயமேற்றாமலே.

போன மாதம் பிளேடு மாற்றும்போது
என் ஆள்காட்டி விரலில் ஆழமாக ஒரு கீறல்.
அங்கேயும் பெருகின,
ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக,
கிட்டத்தட்ட இதே அவசரம்.
இரு கரையும் தொட்டுக்கொண்டதும்
நின்றுவிட்டன.
யாரும் விசில் ஊதவில்லை.

வளர்வதைத்தான் இத்தனை நாள்
அதிசயம் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் பென்னாகரம் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
வெளுத்த ஒரு கோடு, அவ்வளவுதான்.
இண்டூரில் கண்டக்டர் விசில் அடிக்க,
பஸ் கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நின்றது.
இறங்கும்போது நாக்கு
தானாகவே இடது கன்னத்தின் உட்புறத்தை
ஒருமுறை தடவிப் பார்த்தது.