நாலு ஸ்கொயர்

ஃபர்வானியா, ஆறாவது பிளாக், மொட்டை மாடி.
பைப்பைத் தொட்ட குல்ஸமான்
கையை உதறிக்கொண்டு பஷ்தோவில் ஏதோ சொன்னான்.
எனக்கு அர்த்தம் தேவைப்படவில்லை.

உருவியெடுத்த பழைய வயரை
ஹாரிஸ் முன்னால் மடக்கிக் காட்டினேன்.
தோல், பொரை மாதிரி உதிர்ந்தது.
உள்ளே செம்பு, தீய்ந்த கடலை நிறத்தில்.
"ரெண்டரை ஸ்கொயர் போதும்" என்றான்.
"போன ஆள் அதைத்தான் போட்டான்."
போன ஆளைத்தான்
கையில் வைத்திருக்கிறேன் என்றேன்.

ரெண்டு டன் ஏசி.
போர்டிலிருந்து முப்பத்தெட்டு மீட்டர்.
அதே பைப்பில் இன்னும் மூணு லைன்,
ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கிக்கொண்டு.
இருபத்துநாலு ஆம்பியர் தாங்கும் என்கிறது அட்டவணை.
அதை எழுதியவன்
முப்பது டிகிரியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.
இங்கே ஐம்பதில்
அதே வயர் பாதிதான் தாங்கும்.
நானும் அப்படித்தான் என்று சொல்ல வந்தேன்.
அவனுக்கு ரோல் விலை மட்டும் போதுமாயிருந்தது.

நாலு ஸ்கொயருக்கு ஏழு தினார் கூட.
ஏழு தினாருக்கு
மூன்று முறை வல்லாஹி சொன்னான்.

சரி. ரெண்டரையே இழுத்தேன்.
பத்து ஆம்பியர் பிரேக்கர் மாட்டினேன்.
"முப்பத்திரண்டு போடு, விழாது."
விழாதுதான்.
பிரேக்கர் விழாத வீட்டில்
வேறு எதாவது விழும்.
அது ஏசிக்குக் காவல் இல்லை ஹாரிஸ்,
வயருக்குக் காவல்.
காலையில் தாங்கும், மதியம் நீயே கூப்பிடுவாய்
என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்.
சொன்னபோது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒன்று நாற்பதுக்குப் போன் வந்தது.
ஹாரிஸ் இல்லை.
ரெண்டாவது மாடி ஓபுலேசு, கடப்பாக்காரர்,
பாதி தெலுங்கு பாதி ஹிந்தி.
ஏசி நின்று ஒரு மணி நேரமாம்.
திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டும் நிற்கவில்லையாம்.
ஐந்து மாசக் குழந்தையை
ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு
லிஃப்ட் பக்கத்துத் தரையில்
உட்கார்ந்திருக்கிறாளாம் மனைவி.

என் கணக்கு
ஆம்பியர் பிசகாமல் விழுந்திருந்தது.
அதில் குழந்தை இல்லை.

நாலு ஸ்கொயர் ரோல்
காலையிலிருந்தே வேனின் பின்னால் கிடந்தது,
போன மாச வேலையில் மிஞ்சியது.
அப்போதே போட்டிருக்கலாமே என்று
நாலு சிக்னல் தாண்டியும்
குல்ஸமான் கேட்கவில்லை.
மடியில் கையுறையை வைத்து
விரல் விரலாக
மாட்டிக்கொண்டே வந்தான்.