நூலளவு எச்சில்

தம்பலகாமத்தில் விடிய முன் ஐந்து மணி.
எருமை அசைபோடும் நேரம் பார்த்து
என் வேலை தொடங்கும்.
கடைவாயில் தொங்கும் நூல்
நிலம் தொடுவதற்குள் குழாயில் ஏந்த வேண்டும்.
சேறு பட்டால் அது வேறு கதை சொல்லும்.

மூத்திரத்துக்குக் காத்திருப்புத்தான் வழி.
தடி நுனியில் கட்டிய யோகட் கோப்பையோடு
வாலுக்குப் பின்னால் நிற்கிறேன்.
"எம்மெஸ்ஸி படிச்ச புள்ளைக்கு இதா உத்தியோகம்?"
அசனார் காக்கா சிரிக்காமல் கேட்பார்.

முன்பு முழங்கைவரை கை உள்ளே போகும்,
மாட்டின் கண்ணில் வெள்ளை உருளும்.
அந்தக் கைக்கும் மூன்றாம் வாரத்தில்
ஒன்றும் தட்டுப்படாது.

உள்துறைமுகம் தெரியும் மாடி அறை.
மையவிலக்கி சுழன்றால்
மேசையும் நடுங்கும், தேநீரும் நடுங்கும்.
கரண்ட் போனால் எல்லோரும் ஐஸ் பெட்டியைப் பார்ப்போம்.
வாசலில் புள்ளிமான் ஒன்று
நாங்கள் எறிந்த அட்டையை மென்றுகொண்டிருக்கும்.
அதன் எச்சிலும் வீணாகிறதே என்றிருக்கும் எனக்கு.

ஜெல்லில் நீலக் கோடுகள்.
சினைப்பட்ட பதினொன்றில் ஒன்பதுக்கு
நடுவில் ஒரு கோடு கூடுதல்.
கரு இன்னும் நகத்தளவுகூட இல்லை.
அதற்குள் தாயின் வாயூறல்வரை
தகவல் அனுப்பிவிட்டது.

வெறும் வயிற்று மாடொன்றும்
அதே கோட்டைக் காட்டிற்று.
கட்டுரையில் அதை அடிக்குறிப்பாக்கினேன்.
இரவில் அது அடியில் கிடக்க மறுத்தது.

நேற்று காக்கா போன் எடுத்தார்.
"ஹஜ்ஜுக்கு யாவாரி வாறான் புள்ள.
சுட்டி சினையில்லையெண்டா ஏத்தி விடுவன்.
உங்கட மிஷின் என்ன சொல்லுது?"

சுட்டியின் வரிசையில்
கோடு மாதிரி ஒன்று இருந்தது.
கறை மாதிரியும்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன்.
கண்ணாடிதான் துப்புரவாயிற்று.

"இருபத்தொரு நாள் பொறுங்க காக்கா."
சொன்னது படிப்பா,
அந்த நேரம் என் தொண்டையில் ஊறிய ஏதுமா,
இன்னும் பிடிபடவில்லை.

மறுமுனையில் எருமை ஒன்று தண்ணீரில் சீறியது.
"பொறுக்கலாம் புள்ள.
வைக்கல் காசு ஆர் தாற?"

குறிப்பேட்டில் எழுதினேன்:
இருபத்தேழு, சுட்டி. மங்கல். மீண்டும் எடுக்கவும்.
அதற்குக் கீழே, பென்சிலால்:
வைக்கோல் பத்துக் கட்டு,
என் கணக்கில்.