முப்பத்தேழாம் எண்

சர்வர் வேலை செய்யவில்லை,
மூன்று மணிக்கு மேல் வாருங்கள் என்றார்கள்
தக்கலை பதிவு அலுவலகத்தில்.
பையில் பாகப்பிரிவினைப் பத்திரம்:
நாற்பத்திரண்டு சென்ட் ரப்பர், ஒரு வீடு, ஒரு கிணறு.
பக்கத்தில் தம்பி வில்பிரட்,
ஆறு வருஷமாகப் பேசாதவன்.

வெயில் தாங்காமல்தான் அரண்மனைக்குப் போனோம்.
ஐம்பது வருஷம் இந்த ஜில்லாவில் கிடந்தும்
நான் உள்ளே கால் வைத்ததில்லை.
பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன அன்று
எனக்கு அம்மை வார்த்திருந்தது.
போய்வந்த இவன்
மணிமேடைக் கடிகாரத்தைப் பற்றியே
ஒரு வாரம் பேசினான்.

கால் நிற்கும் மண் தமிழ்நாடு.
அரண்மனை கேரளத்துக்கு.
அறிவிப்புப் பலகையின் மலையாளத்தை
பாலராமபுரத்தில் பெண்ணெடுத்தவன்
சத்தமாக வாசித்தான்,
யாருக்கோ சொல்வதுபோல்.
எல்லை பிரித்த வருஷம்
ஏதோ ஒரு மேசையில் இப்படித்தான் முடித்திருப்பார்கள்:
நிலம் உனக்கு, வீடு எனக்கு.
எங்கள் பத்திரத்தின் மூன்றாம் பக்கமும் அதுதான்.
கிணறு பொது.
சண்டையே கிணற்றில்தான்.

செருப்பு வைக்கிற இடத்தில்
இரண்டு ஜோடிக்கும் ஒரே டோக்கன் நீட்டினாள் ஒருத்தி.
"ஒரு வீடல்லே?"
நான் வாய் திறக்குமுன்
ஆமென்று விட்டான்.

மந்திரசாலை ஜன்னலில் அபிரகத் தகடு.
வெளியே நடுமத்தியானம் கொதிக்க
உள்ளே மட்டும் மேகம் போட்டிருந்தது.
சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை என்று
தரையின் கதையைச் சொன்னார் காவலர்.
உள்ளங்காலில் குளத்துப் படிக்கட்டின் குளிர்.
குனிந்தேன்.
கறுப்பில் அப்பாவின் மூக்கு தெரிந்தது.
நிமிர்ந்து பார்த்தால், வில்பிரட்.

ஊட்டுபுரை.
ஆயிரம் பேர் ஒரே நேரம் உண்ட இடமாம்.
அப்பாவை அடக்கிய அன்று
இருபது பேர் பந்தியில்
நாங்கள் வேறு வேறு வரிசை.

அறுபத்துநாலு மூலிகை மரத்தில் ராஜாவின் கட்டில்.
"ரப்பர் உண்டுமா இதுல?"
காவலர் சிரிக்கவில்லை.
எனக்கு அடக்க முடியவில்லை,
தூண் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முற்றத்தில் ஓர் உருண்டைக் கல்.
படையில் சேர வந்தவன்
நூற்றொரு தடவை தூக்கிக் காட்டணும்.
தொடக் கூடாதென்று கயிறு கட்டியிருந்தது.
ஆளில்லாத நேரம் பார்த்து
ஒரு விரலால் தொட்டுவிட்டு வந்தான்
நாற்பத்தாறு வயதுக்காரன்.

இன்னும் நேரம் கிடந்தது.
ஆட்டோ பிடித்துப் புலியூர்க்குறிச்சி, கோட்டைக்குள்
கூரை போன தேவாலயம்.
கைதியாகக் கொண்டுவந்த வெளிநாட்டுக்காரன்
பிறகு அதே ராஜாவின் படையைப் பழக்கி,
வலிய கப்பித்தானாகி
இங்கேயே கிடக்கிறான்.
கல்லில் லத்தீனும் உண்டு, தமிழும் உண்டு.
"எப்படிச் சேர்ந்தானுவ ரெண்டு பேரும்?"
கல்லைத்தான் கேட்டான்.
கண்ணாடியை பைக்கில் விட்டு வந்தவனுக்காக
நான் எழுத்துக் கூட்டினேன்,
தேய்ந்த இடங்களை விரலால் தடவி.
பாதியில் நின்றேன்.
"மீதி?"
"தெரியல்ல."
வெயிலை மறைத்து நின்றான்,
நிழலில் இன்னும் இரண்டு சொல் கிடைத்தது.
அப்போது போன் அடித்தது.
சர்வர் வந்துவிட்டதாம்.

அலுவலகத்தில் பேனா தேடிப் பைக்குள் கைவிட்டேன்.
முப்பத்தேழு என்று பெயின்டில் எழுதிய டோக்கன்.
அந்தப் பெண் கேட்கவே இல்லை,
முகம் பார்த்தே
இரண்டு ஜோடியையும் தள்ளிவிட்டிருக்கிறாள்.
"நாளைக்கும் மறுநாளும் எனக்கு வேலை கெடக்கு,
திங்கள் அரண்மனை பூட்டு.
செவ்வாய் கொண்டு குடுக்கலாம்."
"ஆரு?"
பதில் சொல்லாமல்
ரேகை மிஷினில் பெருவிரலை வைத்தான்.
இன்னொருக்க வையுங்க என்றார் எழுத்தர்,
சரியாப் பதியல்ல.