நாற்பத்தொரு நாள்

விளங்கியன்குடி நகராட்சிக் கூட்ட அரங்கில்
கடிகாரத்துக்குப் பக்கத்தில் தேக்குப் பலகை.
தலைவர்கள், அவர்கள் இருந்த ஆண்டுகள்.
பதிவறை எழுத்தர் நான்.
பதினாறு வருஷமாக அதன் கீழே நின்று
டீ ஆற்றிக் குடிக்கிறேன்.

முதல் பெயர் சித.லெ. பெத்தபெருமாள் செட்டியார்.
வீட்டின் முகப்பு மூன்றாம் வார்டில்,
பின்கட்டு ஏழாம் வார்டில்.
வரியை எந்த வார்டில் கட்டுவதென்று
மூன்று கூட்டம் நடந்திருக்கிறது.
மனுக் கொடுத்தவரும் அவர்,
தலைமை வகித்தவரும் அவர்.
இரண்டிலும் கட்டவில்லை.

அடுத்தவர் சேவுகன் அம்பலம். பஸ் முதலாளி.
பேருந்து நிலையம் எங்கே வந்தது என்று
உங்களுக்கே தெரியும்,
அவருடைய பெட்ரோல் பங்கிற்கு எதிரே.
ஆனால் மழையில் ஒதுங்க அங்கே கூரை போட்டவரும்
அவர்தான். இதையும் எழுத வேண்டும்.

சிக்கந்தர் ராவுத்தர், இரண்டு முறை.
கொசுமருந்து அடித்த வருஷம்
ஓட்டு கூடியது.

பிறகு நீளமாக ஒரு காலம்.
பெயரில்லை, ‘தனி அலுவலர்’ என்று ஒரே வரி.
வந்தவர்கள் எட்டுப் பேர்.
எட்டுப் பேருக்கும் மாற்றல் வந்தது.
குப்பை வண்டி மட்டும்
அதே ஒற்றை விளக்கோடு வந்துகொண்டிருந்தது.

அப்புறம் திருமதி வெள்ளையம்மாள் காசி.
கூட்டங்களுக்குக் கணவர் வந்தார்.
‘தலைவர் பேசினார், அவர் கையொப்பமிட்டார்’ என்று
நடவடிக்கைப் புத்தகம் சொல்கிறது.
அந்த ‘அவர்’ யார் என்று
தமிழ் இலக்கணம் காட்டிக்கொடுக்காது.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை
பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிய மனுவுடன்
மா. செல்லக்கிளி வந்தாள்.
ஓய்வுபெற்ற நர்ஸ். ஊருணிக் கீழ்த்தெரு.
‘சேவுகன் அம்பலம் செத்ததும்
துணைத்தலைவராக இருந்த எங்கப்பாதான்
தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.
பலகையில் ஏன் இல்லை?’

சிவப்புத் துணி மூட்டைகளை அவிழ்த்தேன்.
வெள்ளிப்பூச்சி ஓடியது.
இருந்தார். ச. மாயழகு.
மொத்தம் நாற்பத்தொரு நாள்.

முதல் கூட்டம்:
கோரம் இல்லை, ஒத்திவைக்கப்பட்டது.
இரண்டாவது கூட்டம்:
கோரம் இல்லை, ஒத்திவைக்கப்பட்டது.
(அந்தச் சொல்லுக்கு நம் மொழியில்
இன்னொரு பொருள் உண்டு.
எழுதிய எழுத்தருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?)

மூன்றாவது கூட்டத்துக்குப் பொருள் வரிசையைப் பாருங்கள்.
ஒன்று: கீழ்த்தெருவுக்கு இரண்டு குடிநீர்க் குழாய்.
இரண்டிலிருந்து எட்டு வரை சில்லறைச் சங்கதிகள்.
ஒன்பது: ஒப்பந்தக்காரர்களின் பாக்கி பில்.

அத்தனை உறுப்பினர்களும் வந்திருக்கிறார்கள்.
வராதவர் கையெழுத்துக்கூட இருக்கிறது.
ஒன்றாவது பொருள், விவாதமின்றி ஏற்கப்பட்டது.
ஒன்பதாவதற்கு வந்தபோது
மணி ஆறரை என்று குறித்திருக்கிறார்கள்.
கீழே ஒரு கையெழுத்து.
‘ழ’வின் வால் அடுத்த வரி வரை இறங்குகிறது,
முதல்முறை பெரிய பேனா பிடித்தவர்போல.

பதிலை நானே தயாரித்தேன்:
‘பொறுப்பு வகித்தவர்களின் பெயரைப்
பலகையில் எழுதும் வழக்கம் இல்லை என்ற விவரம்
தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’
ஆணையர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

செல்லக்கிளி நின்றபடியே படித்தாள்.
கோபப்படவில்லை.
அந்தத் தீர்மானத்தின் நகல் வேண்டும் என்றாள்.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய், ஒரே பக்கம்.
ஐந்து ரூபாய் நாணயம் வைத்தாள்.
என்னிடம் சில்லறை இல்லை.
‘இருக்கட்டும், நகராட்சி எங்களுக்குத் தர வேண்டியதில்
இதையும் சேர்த்துக்கோங்க’ என்று
படியிறங்கிப் போனாள்.

அந்த மூன்று ரூபாயை
ஒரு பழுப்பு உறையில் போட்டு
மேலே பெயர் எழுதி வைத்திருக்கிறேன்:
ச. மாயழகு, தலைவர்.
‘பொறுப்பு’ என்று எழுத
இடம் இருந்தது.

அடுத்த வாரம் தணிக்கை.
இது எந்தத் தலைப்பில் வருகிறது
என்று கேட்பார்கள்.